பேச்சுக்கு முன் உடல்: ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. குழந்தைகளோடு வீட்டில் பேசவும் நிம்மதியாக இருக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒரு சின்ன விஷயத்துக்கு வீடே அதிர அழுகை. பெரும்பாலான வீடுகளில் இவற்றைத் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பிரித்து, முதலில் பேச்சைச் சரிசெய்யக் கிளம்புகிறார்கள். அந்த வரிசையிலேயே சிக்கல் தொடங்குகிறது. சத்தம், வெளிச்சம், பசி, உறுத்தும் காலர் என்று உடல் எதையோ தாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் மொழி கைகொடுக்காது. சரளமாகப் பேசும் குழந்தைக்கே அப்போது வாய் அடைத்துப்போகும். ஆகவே முதல் வேலை உடலின் சுமையைக் குறைப்பது. அடுத்தது பெரியவர்கள் பேசும் விதத்தை மாற்றுவது. குழந்தை தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வழி அமைப்பது அதன் பிறகுதான்.

ஆட்டிசமா, ஏ.டி.எச்.டி.யா (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும்), இரண்டுமா என்ற அறிக்கை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழே உள்ள பெரும்பாலான படிகளை அதற்கு முன்பே தொடங்கலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்: செவித்திறன் பரிசோதனை. கூப்பிட்டால் திரும்பாததை ஆட்டிசம் என்றே முடிவுகட்டிவிட்டு, நடுக்காதில் நீர் கோத்திருப்பதை மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுவது நடக்கிறது.

முதல் படி: இரண்டு வார நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் 14 நாட்கள் எழுதி வையுங்கள். செல்போனிலேயே எழுதலாம். குழந்தை நிலைகுலையும் ஒவ்வொரு தடவையும் நான்கு விவரம் போதும்: மணி என்ன, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, எது அதை ஓயவைத்தது. "அடம் பிடித்தான்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. "காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனான்" என்று எழுதினால்தான் பிறகு பயன்படும். அதே பக்கத்தில் முந்தைய இரவு தூங்கிய நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசியாக மலம் கழித்த நாள் ஆகியவையும் இருக்கட்டும்.

மலம் கழித்த நாள் எதற்கு என்று தோன்றும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் மலச்சிக்கல் மிகச் சாதாரணம். வயிறு இறுகிக் கிடக்கும் குழந்தை தலையை மோதிக்கொள்ளலாம், நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்துகொள்ளலாம். பல் வலி, காது வலி, நெஞ்செரிச்சல் ஆகியவையும் இப்படித்தான் வெளிவரும். பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, வலி போன்று உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகளை இவர்களில் பலரால் தெளிவாக உணர முடிவதில்லை. "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. அதனால் திடீரென்று புதிதாகத் தொடங்கும் எந்த நடத்தைக்கும் முதலில் வலியைச் சந்தேகியுங்கள். தண்ணீரும் கழிப்பறையும் குழந்தை கேட்டு நடக்கட்டும் என்று விடாமல், ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே நினைவூட்டுங்கள்.

14 நாள் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். ஏதாவது ஓர் ஒழுங்கு தெரியும். அடிக்கடி தெரிவது ஒன்று: பள்ளியில் "மிக நல்ல பிள்ளை", வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்தில் வெடிப்பு. பெற்றோர் இதைத் தங்கள் வளர்ப்பின் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள், உறவினர்களும் அப்படியே சொல்கிறார்கள். நாள் முழுக்க அடக்கி வைத்ததைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கி வைக்கிறது குழந்தை. இதற்கான மாற்றம் எளிது. பள்ளி முடிந்து வந்தபின் ஒரு மணி நேரம் கேள்வி கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, விருந்தினர் கிடையாது. கையில் தின்பண்டம், பிடித்த மூலை, மங்கிய வெளிச்சம். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பண்ணினே?" என்பதைப் படுக்கை நேரத்துக்குத் தள்ளிவையுங்கள், அல்லது கேட்காமலே விடுங்கள்.

இரண்டாம் படி: புலன்களின் சுமையைக் குறைப்பது

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில், 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் புலன்களின் மிகையான அல்லது குறைவான எதிர்வினை ஆட்டிசத்தின் அளவுகோல்களுக்குள் சேர்ந்தது. பல தலைமுறைகள் அதைச் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகவே பார்த்ததில் வியப்பில்லை. ஒரே குழந்தைக்கு ஒரு புலன் மிகையாகவும் இன்னொன்று குறைவாகவும் இருக்கும். மிக்சி ஓடினால் அலறும் பிள்ளையே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கும். முரண்பாடு இல்லை. ஒன்று எதிர்பாராமல் வருகிறது, மற்றது அதன் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

சத்தத்தில் தொடங்குங்கள், பலன் சீக்கிரம் தெரிவது இங்கேதான். யாரும் பார்க்காத நேரத்தில் டிவியை அணையுங்கள். பின்னணி ஒலியிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுப்பது இவர்களுக்குக் கடினம். மிக்சி, வேக்குவம் கிளீனர், முடி உலர்த்தி எதுவானாலும் போடும் முன் சொல்லிவிட்டுப் போடுங்கள். முடிந்தால் ஸ்விட்சைக் குழந்தையையே தட்டச் சொல்லுங்கள். நாற்காலிக் கால்களுக்கு அடியில் துணித் துண்டு ஒட்டினால் தரையில் இழுபடும் ஓசை போய்விடும். சத்தம் தடுக்கும் ஹெட்போன் கூட்டமான இடங்களுக்கு நல்லது. நாள் முழுக்க மாட்டியே வைத்திருந்தால் காது அந்த அமைதிக்குப் பழகி, கழற்றும்போது எல்லாமே முன்னைவிடப் பெரிதாகக் கேட்கும். தேவைப்படும் இடத்தில் மாட்டி, வெளியே வந்ததும் கழற்றும் பழக்கம் வேண்டும்.

வெளிச்சத்தில் பெரிய குற்றவாளி மினுக்கும் பழைய டியூப்லைட். உங்கள் கண்ணுக்கு மினுக்கல் தெரியாமலிருக்கலாம். மாலை ஆனதும் தலைக்கு மேல் இருக்கும் விளக்கை விட்டுவிட்டு, தாழ்வாக வைத்த மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள்.

உடையில் லேபிளை வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய மிச்சம் இன்னும் மோசமாகக் குத்தும், தையலைப் பிரித்தே எடுக்க வேண்டும். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் விரல் நுனித் தையல் உறுத்தாது. புதுத் துணியை மூன்று நான்கு தடவை துவைத்த பிறகு கொடுங்கள். பிடித்த ஒரு சட்டை கிடைத்தால் அதையே அடுத்த இரண்டு அளவுகளிலும் வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

தொடும்போது மெல்லத் தடவுவதைவிட அழுத்தமாகத் தொடுவதைத்தான் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். இறகுபோல் வருடுவது சிலருக்கு எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பின்னாலிருந்து தொடாதீர்கள். எடைப் போர்வை பற்றி நிறையப் பேசப்படுகிறது. சிலருக்கு அது இதமாக இருக்கிறது, தூக்கத்தை நீட்டிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குழந்தையால் தானே விலக்கி எழ முடியாத எடை ஆபத்து. தலையை மூடக் கூடாது. கைக்குழந்தைக்கும் மிகச் சிறு பிள்ளைகளுக்கும் கூடவே கூடாது. மூச்சுப் பிரச்சினையோ வலிப்போ இருந்தால் மருத்துவரையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) கேட்காமல் வாங்காதீர்கள்.

ஓயாமல் ஓடுவது, மோதுவது, தொங்குவது என்று அசைவைத் தேடும் குழந்தையை உட்கார வைப்பதற்கு முன் 10 நிமிடம் உடலுக்கு வேலை கொடுங்கள். சுவரை இரண்டு கையாலும் தள்ளுவது, புத்தகக் கட்டைத் தூக்கி அறை மாற்றுவது, கரடிபோல் நாலு காலில் நடப்பது, தலையணை மேல் குதிப்பது. தசையும் மூட்டும் எடையை உணரும் வேலைகள் பெரும்பாலும் அமைதிப்படுத்தும். சுற்றிவிடுவது அப்படியில்லை. குழந்தை தானே சுற்றட்டும், நீங்கள் சுற்றிவிடாதீர்கள். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ நிறுத்துங்கள்.

கை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே ஒலியை எழுப்புவது ஆகியவற்றைத் தடுக்கக் கூடாது. அவை உடல் தன்னைத்தானே நிதானப்படுத்திக்கொள்ளும் வழி. காயம் ஏற்படுத்துபவற்றுக்கு மட்டும் அதே உணர்வைத் தரும் மாற்று தேவை. கையைக் கடிக்கும் குழந்தைக்குக் கடிப்பதற்கென்றே செய்யப்பட்ட சிலிக்கான் பொருள் கொடுங்கள். மென்மையான பந்தைக் கையில் திணித்தால் பயனில்லை. தேடல் தாடையில் இருக்கிறது.

மூன்றாம் படி: பெரியவர்கள் பேசும் விதம்

ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மனத்துக்குள் 10 வரை எண்ணுங்கள். இந்த வழிகாட்டியில் செய்வதற்கு மிகக் கடினமானது இதுதான். நாம் இரண்டு விநாடிக்குள் அதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறோம். குழந்தைக்கு அது புது வாக்கியம். பாதி புரிந்திருந்த முதல் வாக்கியம் கலைந்து, வேலை மீண்டும் தொடக்கத்துக்குப் போகிறது. திரும்பச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் அதே சொற்களில், அதே வரிசையில் சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே வேலை. "மேலே போய் டிரஸ் மாத்திட்டு, பல் தேச்சுட்டு, பையை எடுத்துட்டு வா" என்பதில் ஏ.டி.எச்.டி. குழந்தைக்குக் கடைசித் துண்டு மட்டும் நிற்கும், அதுவும் மாடிப்படி ஏறுவதற்குள் போய்விடும். அலட்சியம் காரணமில்லை. செய்யவேண்டியதை மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறன்தான் அங்கே குறைவு. பக்கத்தில் போங்கள், பெயர் சொல்லுங்கள், கையில் இருக்கும் வேலையில் ஓர் இடைவெளி வரும்வரை நில்லுங்கள், பிறகு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அடுத்த அறையிலிருந்து கத்திச் சொன்னதைச் சொன்னதாகவே கணக்கில் எடுக்காதீர்கள்.

வேண்டாததைச் சொல்வதைவிட வேண்டியதைச் சொல்வது எளிதாகப் புரியும். "ஓடாதே" என்பதற்குப் பதில் "நட". "கத்தாதே" என்பதற்குப் பதில் "மெதுவா". "கொஞ்சம் இரு" என்றால் எவ்வளவு என்று தெரியாது. "இந்தப் பாத்திரம் கழுவி முடிச்சதும் வரேன்" என்றால் பார்க்க முடியும். கிண்டலும் மறைபொருளும் இறுக்கமான நேரத்தில் வேண்டாம். "உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்று விளையாட்டாகச் சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காத பிள்ளைகள் உண்டு.

கேள்விகளைப் பாதியாகக் குறையுங்கள். "இது என்ன? இது என்ன நிறம்? காக்கா எங்கே?" என்று நாள் முழுக்கக் கேட்பது பரீட்சை. பார்த்ததைச் சும்மா சொல்லுங்கள்: "காக்கா உக்காந்திருக்கு." நிறுத்துங்கள். காத்திருங்கள். பதில் சொல்லும் கட்டாயம் இல்லாதபோது பேச்சு வருவதற்கு இடம் கிடைக்கிறது. "என்னைப் பார்த்துப் பேசு" என்ற வற்புறுத்தலும் போகட்டும். கண்ணைப் பார்க்கும் முயற்சியிலேயே பலருக்குக் காது அடைத்துவிடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் நன்றாகக் கேட்கிறது. நேருக்கு நேர் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, அது பார்க்கும் பொருளையே நீங்களும் பாருங்கள்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்றால் குழம்பிவிடும், தாய்மொழியை விட்டுவிடுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இருமொழி வீடுகளில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் அதனால் மொழி வளர்ச்சி தாமதமாவதாகக் காணவில்லை. தாத்தா பாட்டியோடு பேச முடியாமல் போகும் இழப்புதான் நிச்சயம். உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில், இயல்பான பேச்சு வழக்கிலேயே பேசுங்கள்.

நான்காம் படி: படப் பலகை

படங்களைத் தொட்டுக் காட்டிப் பேசும் பலகை இது. பேச்சு வராத குழந்தைக்கு மட்டும் என்று இதை ஒதுக்காதீர்கள். நன்றாகப் பேசும் பிள்ளைக்கும் இறுக்கமான நேரத்தில் சொல் போய்விடும், விரல் போகாது. படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் எல்லா வீட்டிலும் எழுகிறது. ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு இடம் தரவில்லை. பேச்சு குறைந்ததாகக் காணப்படவில்லை, சிலருக்குக் கூடியிருக்கிறது.

செய்முறை இது. ஒரு ஏ4 தாளை நெடுக்காக வைத்து 4 பத்திகள், 5 வரிசைகள் என 20 கட்டங்களாகப் பிரியுங்கள். ஓரம் விட்டால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4.5 செ.மீ. அகலம் வரும். கடைசி வரிசையின் நான்கையும் காலியாக விடுங்கள், பிறகு சேர்க்க இடம் வேண்டும். மற்ற 16 கட்டங்களுக்கு:

முதல் பத்தி: நான், நீ, இது, அங்கே
இரண்டாம் பத்தி: தண்ணி, சாப்பாடு, பாத்ரூம், விளையாட்டு
மூன்றாம் பத்தி: இன்னும், முடிஞ்சது, உதவி, வலிக்குது
நான்காம் பத்தி: வேணும், வேண்டாம், நிறுத்து, போலாம்

வினைகளை வலது ஓரத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். "தண்ணி வேணும்" என்று விரல் இடமிருந்து வலமாகப் போனால் பேசும் வரிசையும் தொடும் வரிசையும் ஒன்றாகும். கடையில் கிடைக்கும் பலகைகளும் பல செயலிகளும் ஆங்கில வரிசையில் "எனக்கு வேண்டும்" என்பதை இடது ஓரத்தில் வைத்திருக்கும். அதைத் தமிழ்ப் பேச்சோடு பயன்படுத்தினால் ஒவ்வொரு தடவையும் விரல் பின்னோக்கி ஓட வேண்டியிருக்கும்.

கோட்டுப்படம் புரியாத குழந்தைக்கு அதன் சொந்தத் தம்ளரையும் சொந்தக் கழிப்பறையையும் போட்டோ எடுத்து ஒட்டுங்கள். படத்தின் அடியில் சொல்லையும் எழுதுங்கள். லேமினேட் செய்து நான்கு பிரதி வேண்டும்: ஃபிரிட்ஜ், சாப்பாட்டு மேசை, குளியலறை, வெளியே போகும் பை. ஒரு கட்டத்தின் இடத்தை ஒருபோதும் மாற்றாதீர்கள். சில வாரங்களில் கை அந்த இடத்தை மனப்பாடம் செய்துவிடும், மாற்றினால் எல்லாம் போச்சு.

பயன்படுத்துவது நீங்கள், குழந்தை பார்க்கட்டும். நாளில் இரண்டே வேளைகளைத் தேர்ந்தெடுங்கள், சாப்பாடும் குளியலும் என்று வைத்துக்கொள்ளலாம். பேசும்போதே முக்கியமான சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள். தண்ணீர் ஊற்றும்போது "இன்னும்" தொடுங்கள். துவட்டும்போது "முடிஞ்சது". சொல்லே இல்லாத குழந்தைக்கு ஒற்றைச் சொல், ஒற்றைச் சொல் பேசும் குழந்தைக்கு இரண்டு சொல். எப்போதும் அது இருக்கும் இடத்திலிருந்து ஒரு படி மேலே. "நீ தொடு" என்று கேட்காதீர்கள், கையைப் பிடித்துத் தொட வைக்காதீர்கள். குழந்தை தானாக எதையாவது தொட்டால், தவறுதலாகத் தொட்டதாகத் தோன்றினாலும், அர்த்தம் இருப்பதாகவே எடுத்துப் பதில் கொடுங்கள்.

மூன்று வாரம் காட்டியும் தொடவே இல்லை என்று பலகை பரணுக்குப் போவதுதான் அதிகம். பிறந்த குழந்தை ஏறக்குறைய ஒரு வருடம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பிறகே முதல் சொல்லைச் சொல்கிறது. பலகைக்கும் அதே பொறுமை தேவை, மாதக் கணக்கில் யோசியுங்கள். தோற்பதற்கு இன்னொரு காரணம், பலகை முழுக்கத் தின்பண்டமும் பொம்மையும் இருப்பது. கேட்பதற்கு மட்டும் மொழி என்றால் யாருக்கும் சலிக்கும். மறுக்க, நிறுத்த, புகார் சொல்ல, வலியைக் காட்ட இடம் வேண்டும். குறும்பு செய்ததற்குத் தண்டனையாகப் பலகையை எடுத்து வைப்பது மூன்றாவது காரணம். அது குழந்தையின் வாயைக் கட்டுவது.

"வேண்டாம்" கட்டத்தைத் தொட்டால் அதற்கு விளைவு இருக்க வேண்டும். மருந்து, கார் பெல்ட் போன்ற சிலவற்றில் விட்டுக்கொடுக்க முடியாதுதான். அங்கே "உனக்கு வேண்டாம், தெரியுது. மருந்து மட்டும் குடிக்கணும். அப்புறம் முடிஞ்சது" என்று கேட்டதை ஒப்புக்கொண்டுவிட்டுச் செய்யுங்கள். மற்ற எல்லாவற்றிலும், உறவினரைக் கட்டிப்பிடிப்பது உட்பட, அந்த மறுப்பு செல்லுபடியாக வேண்டும். தன் "வேண்டாம்" பலிக்கும் என்று அறிந்த குழந்தையைத் தவறாகத் தொடுபவர்கள் அடக்குவது கடினம்.

படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் பேசும் செயலிக்குப் போவதானால் ஸ்பீச் தெரபிஸ்டோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள், வீடியோ பார்க்கும் அதே டேப்லெட்டில் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: பெரியவர் ஒருவர் குழந்தையின் கையையோ முழங்கையையோ பிடித்துக்கொண்டு எழுத்துகளைத் தட்டவைக்கும் முறையை யாராவது பரிந்துரைத்தால் விலகி நில்லுங்கள். 1990-களில் நடந்த சோதனைகளில், பிடிப்பவருக்குத் தெரியாத விடை எதுவும் வெளிவரவில்லை. எழுதுவது அந்தப் பெரியவர்தான், பெரும்பாலும் தன்னை அறியாமலே.

ஐந்தாம் படி: எதிரொலியைக் கேட்பது

"தண்ணி வேணுமா?" என்று நீங்கள் கேட்டால் "தண்ணி வேணுமா?" என்றே திரும்பி வரும். கார்ட்டூன் வசனம் நாள் முழுக்க ஓடும். இது அர்த்தமில்லாத கிளிப்பேச்சு என்ற பழைய கருத்தை மொழி ஆய்வாளர்கள் 1980-களிலேயே மறுத்துவிட்டார்கள். பல குழந்தைகள் மொழியைச் சொல் சொல்லாக எடுக்காமல், ராகத்தோடு முழுத் துண்டாக எடுத்து, எந்த உணர்ச்சியோடு கேட்டார்களோ அந்த உணர்ச்சிக்கே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கீழே விழுந்த நாளில் "ஐயோ, பார்த்து வா!" என்று கேட்டிருந்தால், அடுத்த முறை பயம் வரும்போதெல்லாம் அந்த வாக்கியமே வரும். எந்த வசனம், எங்கிருந்து வந்தது, எந்தச் சூழலில் சொல்கிறது என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு மாதத்தில் உங்கள் வீட்டுக்கான அகராதி தயாராகும்.

கேள்வியாகக் கொடுத்தால் கேள்வியாகவே சேமிக்கும் என்பதால், குழந்தை சொல்ல வேண்டிய வடிவத்திலேயே கொடுங்கள். "தண்ணி வேணுமா?" என்பதை விட்டு, தம்ளரைக் காட்டி "தண்ணி வேணும்" என்று சொல்லிக் கொடுங்கள். "நான்", "நீ" குழப்பத்தையும் இது பெரிதாகக் குறைக்கும். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும் என்பது இங்கே வசதி. திருத்தாதீர்கள். "வேணுமா இல்ல, வேணும்னு சொல்லு" என்றால் அந்த முழு வரியும்தான் நாளைக்குத் திரும்பி வரும்.

ஆறாம் படி: அடுத்து என்ன என்று காட்டுவது

"இன்னும் 5 நிமிஷம்" என்பது காற்றில் போகும் சொல். நேரத்தைக் கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். மணல் கடிகாரமோ, சிவப்புப் பகுதி சுருங்கிக்கொண்டே வரும் டைமரோ வைக்கலாம். மணி சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைக்கு ஒலி இல்லாதது. நிமிடத்தைவிட எண்ணிக்கை இன்னும் நன்றாக வேலை செய்யும்: "இன்னும் மூணு தடவை சறுக்கு, அப்புறம் செருப்பு."

முதலில் இரண்டே கட்டம் உள்ள அட்டை: "இது, அப்புறம் அது." குளியல், அப்புறம் பந்து. அது பிடிபட்ட பிறகு நாளின் ஒரு பகுதிக்கு மட்டும், காலையோ மாலையோ, நான்கைந்து படங்களை மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். முடிந்த படத்தைக் குழந்தையே கழற்றி ஒரு உறையில் போடட்டும். நாள் முழுவதற்குமான அட்டவணையை முதல் நாளே ஒட்டுவது தவறு. நீங்களே நான்காம் நாள் கைவிடுவீர்கள்.

அட்டவணை ஒரு கட்டளைப் பட்டியலாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் படங்களில் பாதியாவது குழந்தைக்குப் பிடித்தவையாக இருக்க வேண்டும். "மாற்றம்" என்று ஒரு படமும் தயாராக இருக்கட்டும். அதை முதல் பத்து தடவை நல்ல மாற்றத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்: வீட்டுப்பாடம் ரத்து, அதற்குப் பதில் ஊஞ்சல். கெட்ட செய்திக்கே முதன்முதலாக அதை எடுத்தால் அந்தப் படமே பயமுறுத்தத் தொடங்கும். கட்டளையைக் கேட்டாலே உடல் இறுகிப்போகும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு அட்டவணையைவிட இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய விடுவது உதவும்.

ஏழாம் படி: பல், முடி, சாப்பாடு, தூக்கம்

பல் தேய்ப்பதில் எரிச்சல் பெரும்பாலும் நுரையும் புதினாவும். சுவையற்ற, நுரைக்காத ஃபுளோரைடு பேஸ்ட் கிடைக்கிறது. 3 வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவு போதும். பிரஷை முதலில் வாயில் வைக்காமல் கன்னத்தில், உதட்டில் என்று நாளுக்கு ஒரு படியாகப் போங்கள். ஒவ்வொரு தடவையும் 5 வரை எண்ணி, 5-இல் கட்டாயம் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று 8 வரை இழுத்தால் அடுத்த நாள் எண்ணிக்கையை நம்பமாட்டார்கள். நகத்தைக் குளித்தவுடன், மிருதுவாக இருக்கும்போது வெட்டுங்கள்.

சாப்பாட்டில் ஒரே விதி: தட்டில் நிச்சயம் சாப்பிடும் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும், புதியது ஓரத்தில் அல்லது தனிக் கிண்ணத்தில். பார்ப்பதும் முகர்வதும் தொடுவதும் சாப்பிடுவதற்கு முந்தைய படிகள், அவற்றையே வெற்றியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த உணவுக்குள் காய்கறியை ஒளித்துக் கலப்பது மிகப் பெரிய ஆபத்து. கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பிடித்த உணவும் பட்டியலிலிருந்து போய்விடும், இருந்த எட்டு உணவு ஏழாகும். "பசிச்சா தானா சாப்பிடும்" என்ற பட்டினி வைத்தியமும் இவர்களிடம் பலிக்காது. பசியே சரியாகத் தெரியாதவர்கள் பலர்.

தூக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு திரைகளை அணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, தினமும் ஒரே நான்கு வேலைகள், ஒரே வரிசையில். தூக்கத்துக்குக் கொடுக்கும் மெலடோனின் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

எட்டாம் படி: வெடிப்பு வந்துவிட்டால்

இந்த வெடிப்பைத்தான் மெல்ட்டவுன் என்கிறார்கள். அது வேறு, அடம் வேறு. அடத்தில் குழந்தை உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும், கேட்டது கிடைத்தால் நிற்கும். மெல்ட்டவுனில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, நரம்பு மண்டலம் கைமீறிப் போய்விட்டது. சத்தமே இல்லாமல் உறைந்து, பதில் சொல்லாமல் சுருண்டுவிடும் வகையும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதேயில்லை.

ஏறும் கட்டத்தில் மட்டுமே தடுக்க முடியும். நடை வேகமாவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, காது சிவப்பது என்று அறிகுறி குழந்தைக்குக் குழந்தை மாறும், உங்கள் நோட்டில் இருக்கும். அப்போதே கோரிக்கைகளை நிறுத்தி, இடத்தை மாற்றுங்கள்.

உச்சத்தில் பேச்சை நிறுத்துங்கள். ஒரே பெரியவர் மட்டும் அருகில், மற்றவர்கள் வெளியே. விளக்கும் டிவியும் அணையட்டும். கூர்மையானதையும் கனமானதையும் நகர்த்துங்கள், தலைக்கும் தரைக்கும் நடுவே தலையணை வையுங்கள். பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, குழந்தையைவிடத் தாழ்வாக உட்காருங்கள். உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றிப் பிடித்து அமுக்காதீர்கள், முகம் குப்புற ஒருபோதும் கூடாது, மூச்சு தடைபடும். "மூச்சை இழுத்து விடு" என்பதுகூட அந்த நேரத்தில் இன்னொரு கட்டளைதான்.

இறங்கிய பிறகு தண்ணீர், போர்வை, தனிமை. சிலருக்கு 20 நிமிடம், சிலருக்கு அரை நாள். அழுகை நின்றதும் "இப்ப சாரி சொல்லு" என்று தொடங்கினால் இரண்டாவது அலை வரும். என்ன நடந்தது என்ற பேச்சு மறுநாளைக்கு, அதுவும் படம் வரைந்து, சுருக்கமாக.

அமைதி மூலை ஒன்றை வெடிப்பு இல்லாத நாளில் அமையுங்கள்: மேசைக்கு அடியில் மெத்தை, துணி மறைப்பு, பிடித்த இரண்டு பொருள். தண்டனையாக அங்கே ஒரு தடவை அனுப்பினாலும் அந்த மூலை வீணாகிவிடும்.

ஒன்பதாம் படி: வீட்டுக்கு வெளியே

கண் இமைக்கும் நேரத்தில் நழுவிப் போகும் குழந்தைகளுக்கு மிகப் பெரிய ஆபத்து தண்ணீர். வீட்டைவிட்டு நழுவிப் போன ஆட்டிசக் குழந்தைகளின் மரணங்களில் நீரில் மூழ்குவதே முதன்மைக் காரணம். குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டியது அருகிலுள்ள கிணறு, குளம், தொட்டி, நீச்சல்குளம், அறைகளைத் தேடுவது அதன் பிறகு. கதவில் உயரமான தாழ்ப்பாளும் திறந்தால் ஒலிக்கும் மணியும் வையுங்கள். பெற்றோர் எண்ணைச் சட்டையின் உட்புறம் எழுதுங்கள். நீச்சலை விருப்பப் பாடமாக எண்ணாமல் சீக்கிரமே கற்றுக்கொடுங்கள்.

தாத்தா பாட்டி, ஆசிரியர், பார்த்துக்கொள்ள வருபவர் எல்லோருக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எப்படிப் பேசும், "ஆம்" எப்படிக் காட்டும், "இல்லை" எப்படிக் காட்டும், எது வலிக்கும், எது தேற்றும், எதைச் செய்யவே கூடாது. இரண்டாவது பக்கத்தை யாரும் படிப்பதில்லை. கூடப்பிறந்த பிள்ளைக்கும் பலகையைச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் அவர்களைக் காவலாளி ஆக்காதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

இருந்த சொற்கள் எந்த வயதிலும் மறைந்தால், சில விநாடிகள் வெறித்துப் பார்த்து அழைப்புக்குப் பதில் இல்லாமல் இருந்தால், எடை குறைந்தால், சாப்பிடும் உணவுகள் மாதத்துக்கு மாதம் சுருங்கினால், மண், பெயிண்ட் துகள், காகிதம் தின்றால், புதிதாகத் தலையை மோதிக்கொள்ளத் தொடங்கினால் தாமதிக்காதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம், வெறித்த பார்வையைக் கனவு காண்பதாக விட்டுவிட வேண்டாம். மண் தின்பதற்கு இரும்புச்சத்துக் குறைவையும், பெயிண்ட் தின்பவருக்கு ரத்தத்தில் ஈயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது அந்த இரண்டு வார நோட்டையும், நடந்ததைப் பதிவு செய்த ஒரு நிமிட வீடியோவையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் அறையில் குழந்தை அதைச் செய்துகாட்டாது.